மைனஸ் நாற்பது

காலை 11.20. கணினிப் பயிற்சி மையத்தில் ஒருத்தியின் வேலை பறிபோய்க்கொண்டிருந்தது.

மேல்மாடிக் கம்பெனி வேலைக்குக் கேட்டது ஒரே ஒரு ஆள். பன்னிரண்டு மணிக்குள் பெயர் போக வேண்டும். அதற்காக வைத்த தேர்வில் கடைசிக் கணக்கைச் சரியாக முடித்தவர்கள் இரண்டே பேர். இரண்டு விடைகளும் ஒரு வரி தவிர அச்சு அசல் ஒன்று. தினமும் டை கட்டி வருவதால் வகுப்பில் ‘டை’ என்று பெயர் பெற்றவன் அனுப்பியது 10.40-க்கு. குளிர்கிடங்கிலிருந்து வந்ததால் ‘ஐஸ்’ ஆனவள் அனுப்பியது 10.52-க்கு.

“முன்னாடி அனுப்பினவர் எப்படிங்க காப்பியடிப்பார்?” பயிற்சியாளர் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். “அந்தம்மா அவர் விடையைப் பார்த்திருக்கு. தெரியக் கூடாதுன்னு ஒரு வரியை மாத்தியிருக்கு.”

“உக்காந்து பேசுங்க சார், எனக்குத் தலை சுத்துது,” என்றாள் ஏட்டம்மா. காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். கம்ப்யூட்டர் தெரியாது என்று மருமகன் கேலி செய்தான் என்பதற்காக ரோஷப்பட்டு இந்த வகுப்பில் சேர்ந்தவள். தேர்வில் அவள் முதல் கணக்கையே தாண்டவில்லை. “கணக்கு என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“எண்கள் வரிசையா வரும். பெரியது எதுன்னு கண்டுபிடிக்கணும். ‘இதுவரைக்கும் பெரியது’ன்னு ஒண்ணை வச்சுக்கிட்டு, வர்ற ஒவ்வொண்ணையும் அதோட ஒப்பிடணும். மத்த எல்லாரும் பூஜ்யத்துல ஆரம்பிச்சாங்க. நான் குடுத்ததெல்லாம் மைனஸ் எண். அதனால பூஜ்யமே விடையா வந்து மாட்டிக்கிட்டாங்க.”

“இவங்க ரெண்டு பேரும்?”

“டை மைனஸ் நாற்பதுல ஆரம்பிச்சார். ஐஸ், வரிசையில வந்த முதல் எண்ணையே எடுத்துக்கிட்டு ஆரம்பிச்சிருக்கு. வித்தியாசம் அந்த ஒரு வரிதான்.”

ஏட்டம்மா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். ஐஸ் சுவரோரம் நின்றிருந்தாள். பதினோரு வருஷம் மீன் குளிர்கிடங்கில் வேலை. விரல்கள் மரத்துப்போய், இனி குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இங்கே வந்தாள்.

“நடுவுல எழுந்து போனியாம்மா?”

“பொண்ணு ஸ்கூல்ல இருந்து போன். அஞ்சு நிமிஷம்கூட ஆகலைங்க.”

“கம்ப்யூட்டரை?”

“அப்படியே விட்டுட்டுப் போனேன்.”

“வந்ததும் உடனே அனுப்பலையே, ஏன்?”

“மனசு கேக்கலை. வேற வேற எண் போட்டுப் பாத்தேன். ஒண்ணு உதைச்சுது. திருத்தி அனுப்பினேன்.”

“கிடங்கு மீட்டர்ல எது வரைக்கும் இறங்கும்?”

ஐஸ் விழித்தாள். பிறகு பதில் சொன்னாள். ஏட்டம்மா அறைக்குள் திரும்பினாள்.

11.41. டை உள்ளே அழைக்கப்பட்டான். பயண டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தவன். தேர்வில் ஐஸுக்குப் பக்கத்து இருக்கை.

“தம்பி, ஏன் மைனஸ் நாற்பது?”

“சும்மா... சின்ன எண்ணா ஒண்ணு வேணுமேன்னு.”

“மைனஸ் நூறு போட்டிருக்கலாமே? ஆயிரம்?”

“தோணலை.”

“சரி. மைனஸ் அம்பது, அறுபது, எழுபது. இந்த மூணையும் உன் புரோகிராம்ல போட்டா என்ன வரும்?”

“மைனஸ் அம்பது.” சட்டென்று வந்தது பதில்.

நடந்துகொண்டிருந்த பயிற்சியாளர் நின்றுவிட்டார். “இல்லப்பா. மூணுமே மைனஸ் நாற்பதை விடச் சின்னது. உன் புரோகிராம் மைனஸ் நாற்பதையேதான் சொல்லும். வரிசையிலேயே இல்லாத எண்ணை!”

“தான் எழுதினது என்ன செய்யும்னு இவருக்கே தெரியலை,” என்றாள் ஏட்டம்மா. “கிடங்கு மீட்டர்ல கடைசிக் கோடு மைனஸ் நாற்பது சார். அதுக்குக் கீழ குளிரே கிடையாதுன்னு பதினோரு வருஷம் பாத்த கண்ணு அது. அங்கேயே ஆரம்பிச்சிருக்கா. போனை எடுக்க வெளிய போனப்ப திரையில இருந்தது அந்த விடை. இவர் சுட்டது அதைத்தான். அவ திரும்பி வந்து சோதிச்சு, ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சா. நேரம் பிடிச்சுது. நீங்க யார் முன்னாடி அனுப்பினாங்கன்னு பாத்தீங்க. எது முன்னாடி எழுதினதுன்னு பாக்கலை.”

டை தலை குனிந்தான். “டிக்கெட் ஆபீசை மூடி மூணு மாசமாச்சும்மா. வீட்டுக்குத் தெரியாது. இன்னைக்கு விட்டா...”

“அதுக்கு அவ வயித்துல அடிப்பியா?”

பயிற்சியாளர் ஐஸின் பெயரை அனுப்பினார். வராந்தாவுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையாட்டினாள். டை அவள் முன்னால் வந்து நின்றான். கை கூப்பினான்.

“நீங்க கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன்,” என்றாள் ஐஸ். குரலில் கோபம் தணிந்திருக்கவில்லை.

அவன் படியிறங்கினான். பாதிப் படியில் நின்று மனைவிக்குப் போன் போட்டான்.

“நான்தான். ஆபீஸ்ல இருந்து இல்ல... நான் சொல்றதை முழுசாக் கேளு.”