அண்டர்ஹில் வீட்டுச் சம்பந்தம்

ஞாயித்துக்கிழமை ஆனா செவ்வாய்க் கிரகத்துல எல்லா வீட்டுலயும் செய்யுற வேலைதான். அந்த வாரம் வீட்டுக்குள்ள விட்ட மூச்சையெல்லாம் பரஞ்சோதி உருளையில அடைச்சு வாசல்ல வெச்சாரு. மூச்சு அள்ள வந்த வண்டிக்காரன் தட்டிப் பாத்தான்.

"என்ன பெரியவரே, கொஞ்சமா இருக்கு? மூச்சே விடலையா?"

"பெருமூச்சைத் தனியா வெச்சிருக்கேன். அதுக்கு வேற வண்டி வருமா?"

அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். பரஞ்சோதிக்குச் சிரிப்பு வரலை. மக இளவெயினிக்குப் பாத்த இடமெல்லாம் வீட்டுப் பேரைக் கேட்டதுமே நழுவிருச்சு. இப்ப அவளே ஒருத்தனைச் சொல்லிட்டா. அவன் இல்லேன்னா யாரும் வேண்டாமாம். அவன் பேரு நன்மாறன் அண்டர்ஹில். இவங்க பிட். பிட்டுன்னா குழி.

செவ்வாய்க்குக் கப்பலேறுனப்ப, ஜாதியை பூமியிலயே விட்டுட்டு வரணும்னு முன்னோருங்க எல்லாரும் சத்தியம் பண்ணாங்க. சொன்னபடி விட்டுட்டும் வந்தாங்க. இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. ஆனா ஆளுக்கு ஆள் அடையாளம் வேணுமேன்னு, பதிவு பண்ண இங்கிலீஷ்காரர் தன் நாட்டு வழக்கப்படி, கூடாரம் போட்ட இடத்தையே குடும்பப் பேரா வெச்சுட்டாரு. குன்றுக்கு அடியில இருந்தவன் அண்டர்ஹில். குழிக்குள்ள இருந்தவன் பிட்.

அப்புறம் ஊருக்கு மேல கண்ணாடிக்கூடு கவுத்தாங்க. குன்றடியில சூரியன் மறையுறதை நீலமாப் பாக்கலாம்னு அங்க மவுசு ஏறிருச்சு. குழிக்குக் கழிவுத்தண்ணி ஆலை வந்துச்சு. பேரு மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

அப்பனும் மகளும் குன்றடிக்குப் போய்ச் சேந்தாங்க. மணிக்கட்டுக்குள்ள தெச்சிருந்த பேர்ச்சில்லைக் கதவு படிச்சுச்சு. "பிட் வீட்டார் ரெண்டு பேர்"னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துச்சு. பரஞ்சோதி கூனிக் குறுகி உள்ள போனாரு.

நன்மாறனோட அப்பா சௌந்தரபாண்டியன் எந்திரிக்கலை. "உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், இதுல."

"சரிங்க ஐயா."

"பொண்ணு படிச்சிருக்கு, லட்சணமாவும் இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க பாருங்க."

"அந்த நாலு பேரை இன்னிக்கே கூப்பிடுங்கப்பா, பேசிருவோம்"னான் நன்மாறன்.

"நீ சும்மா இருடா. பேர்ப்பொருத்தம் பாத்துட்டா முடிஞ்சுது."

பூமியில ஜாதகம் பாத்த மாதிரி இங்க பேர்ப்பொருத்தம். மூலையில நின்ன வேர்ச்சொல்லியை அவரு கூப்பிட்டாரு. முதல் கப்பல்ல இருந்து நடந்ததெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கிற எந்திரம் அது. வழக்கமா மூணு தலைமுறைதான் கேப்பாங்க. அதுக்குள்ளயே பெருமை போதுமான அளவு கிடைச்சுரும்.

"மூணு பத்தாது. முதல்ல இருந்து சொல்லு"ன்னான் நன்மாறன். எல்லாரும் ஒரே கப்பல்ல வந்தவங்கதான்னு எந்திரமே சொல்லிட்டா அப்பா அடங்கிருவாருன்னு அவனுக்கு நெனப்பு.

வேர்ச்சொல்லி தொண்டையில்லாமலே கனைச்சுது. "அண்டர்ஹில். பழைய இங்கிலாந்துல ஒரே ஊர்ல நாலு ஜான் இருந்தா, குன்றுக்குக் கீழ குடியிருந்த ஜானுக்கு வெச்ச பேரு. அதுல உசத்தியுமில்ல, தாழ்ச்சியுமில்ல."

"கேட்டுக்கங்க"ன்னான் நன்மாறன்.

"செவ்வாய்ல சங்கதி வேற," எந்திரம் நிறுத்தலை. "கூடு போடாத காலத்துல குன்றுல இருந்து கல்லு உருளும். கதிர்வீச்சு நேரா அடிக்கும். அங்க படுக்க ஆளில்லை. அதனால கப்பல் கட்டணத்துக்குப் பதிலா கக்கூஸ் கழுவுறோம்னு ஏறுனவங்களை அங்க படுக்க வெச்சாங்க. குழிதான் பத்திரமான இடம். கப்பல் தலைவரும் டாக்டருங்களும் குழியில இருந்தாங்க."

நன்மாறன் இளவெயினியைப் பாத்துச் சிரிச்சான். கண்டம் தாண்டியாச்சுன்னு அவளும் சிரிச்சா.

சௌந்தரபாண்டியன் மெதுவா எந்திரிச்சாரு. முகத்துல ஈயாடலை. "அதெல்லாம் எப்பவோ நடந்தது... நீங்க இப்படி நல்ல நாற்காலியில வந்து உக்காருங்க, சம்பந்தி. இனிமே நாம ஒரே குடும்பம்."

ஆலையில குனிஞ்சு குனிஞ்சே வளைஞ்சுபோன பரஞ்சோதியோட முதுகு நிமிர்ந்துச்சு. இளவெயினி அப்பாவை அப்படிப் பாத்ததே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு அவளுக்கு, அவரு வாயைத் திறக்குற வரைக்கும்.

"சம்பந்தின்னு அவசரப்படாதீங்க. பையன் தங்கமான பையன், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா... கக்கூஸ் கழுவுன குடும்பம்னு சொல்றாங்க. நாங்களும் கொஞ்சம் யோசிக்கணுமில்ல?"

"அப்பா!"

"நீ இரும்மா. நம்ம சொந்தக்காரங்க நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுட்டா?"

"எந்தச் சொந்தக்காரங்கப்பா? நமக்குத்தான் யாருமே இல்லையே."

பரஞ்சோதி சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு வாசலுக்கு நடந்தாரு.

"இனிமே வருவாங்கம்மா."