செருப்பில் கட்டிய சாவி

ஒன்பது வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கழிப்பறை. தெருவில் போகிறவர்களெல்லாம் புகுந்து நாறடித்ததால், எல்லோரும் சேர்ந்து ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்கள். மூன்று சாவிகள் வந்தன. இரண்டை யார் யாரோ சட்டைப்பையில் போட்டுத் தொலைத்தார்கள். மிஞ்சிய ஒன்றை மிளகாயின் அப்பாவிடம் கொடுத்தார்கள்.

மிளகாய் என்பது அவள் பெயர் இல்லை. பத்து வயதில் இவ்வளவு கோபமா என்று அக்கம்பக்கம் வைத்த பட்டம்.

அப்பா கிடங்கில் மூட்டை தூக்குபவர். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாதமாக வீட்டில் இருந்தார். வேலைக்குப் போன நாட்களில் ராத்திரி வந்ததும் பல்லைக் கடிப்பார். "ஒன்னுக்குப் போகக்கூட மேஸ்திரி வாயப் பாத்து நிக்கணும். மனுசனா அவன்?"

சாவி வந்த முதல் நாள், யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். மூன்றாம் நாள் அதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் நாற்காலி வாசலுக்கு வந்தது. அடுத்த வாரம் கேள்வியும் வந்தது.

"எதுக்கு?"

கழிப்பறைச் சாவியை எதற்குக் கேட்பார்கள்? உள்ளே உட்கார்ந்து பாடம் படிக்கவா?

அப்பாவுக்குப் பதில் தேவையில்லை. எதிரில் நிற்பவர் நெளிய வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்களும் மாறினார்கள். 'ஏம்ப்பா' என்று கூப்பிட்டவர்கள் 'அண்ணே' என்றார்கள். கேட்காமலே டீ வந்தது. அப்பாவின் உப்புச்சப்பில்லாத ஜோக்குக்கு முடிவெட்டுகிற மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இடுப்புல சாவி ஏறினதும் முதுகுவலி இறங்கிப் போச்சு" என்றாள் அம்மா. அதையும் அப்பாவுக்குக் கேட்காதபடிதான் சொன்னாள்.

ஒரு மதியம் உருண்டை ஓடி வந்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மகன். ஐந்து வயது. இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு குதித்தான்.

"மாமா, சாவி! அவசரம் மாமா!"

முந்தின நாள்தான் அப்பா தன் சட்டையை உடனே தைத்துத் தரச் சொல்லியிருந்தார். முதலில் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் என்று தையல்காரம்மா சொல்லிவிட்டாள்.

"உங்கம்மாவ வந்து கேக்கச் சொல்லு" என்றார் அப்பா, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே.

"அம்மா கடைக்குப் போயிருக்கு மாமா… மாமா…"

"அப்ப வர்ற வரைக்கும் நில்லு."

நின்றான். அப்புறம் அவனால் முடியவில்லை. கால்சட்டை நனைந்து, காலில் வழிந்து, தரையில் ஓடியது.

அப்பா சிரித்தார். அவர் சிரித்ததால் பக்கத்தில் நின்ற முடிவெட்டுகிற மாமாவும் சிரித்தார். உருண்டை அழக்கூட இல்லை. தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மிளகாய்க்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"வாடா." அவனை இழுத்துப்போய்க் குழாயடியில் கழுவிவிட்டாள். தன் பழைய கால்சட்டையைப் போட்டுவிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதக்கா."

"சொல்ல மாட்டேன். ஆனா சும்மாவும் இருக்க மாட்டேன்."

அப்பா நாற்காலியிலேயே குறட்டைவிடத் தொடங்கினார். மிளகாய் மெல்லக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை எடுத்துவந்து குழாயடியில் உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது ஒட்டகம். கழுத்து நீண்ட எதிர்வீட்டுப் பெண். ஒருநாளும் மிளகாயை ஆட்டத்தில் சேர்த்ததில்லை.

"சாவி உங்கிட்டயா இருக்கு? குடுடி செல்லம். இனிமே ஆட்டத்துல நீதான் கேப்டன்."

கேப்டன்! மிளகாய்க்கு உள்ளே இனித்தது. சாவியை உள்ளங்கையில் இறுக்கினாள். காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"எதுக்கு?"

ஒட்டகம் நெளிந்தாள். அந்த நெளிவைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மிளகாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அட சீ! சாவி கைக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லையே!

"இந்தா, போ. சீக்கிரம் கொண்டுவந்து குடு" என்று நீட்டினாள். கோபம் இப்போது தன்மேலேயே வந்தது.

ஒட்டகம் திருப்பித் தந்த சாவியை இனி வேறு யாரிடம் கொடுப்பது? முடிவெட்டுகிற மாமாவிடமா? நாளைக்கே அவர் வாசலுக்கு நாற்காலி வந்துவிடும். தையல்காரம்மா நல்லவள். சாவி வரும்வரை அப்பாவும் நல்லவர்தானே? யாரிடமும் இல்லாமல் பொதுவில் மாட்டினால், எவராவது பைக்குள் போட்டுத் தொலைப்பார்கள்.

குப்பைமேட்டில் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. படகு மாதிரி பெரியது. அதன் நாற்றம் பத்தடி தூரம் வந்தது. எந்தப் பையிலும் நுழையாது. எவரும் இடுப்பில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மிளகாய் அதில் கம்பியால் சாவியை இறுக்கிக் கட்டினாள். ஒன்பது வாசல்களுக்கும் தெரிகிற குழாயடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள்.

ஆணி அடித்த சத்தத்தில் அப்பா எழுந்தார்.

"சாவிய எவ எடுத்தா?"

"நான்தான். வேணும்னா இடுப்புல கட்டிக்கோங்க. செருப்போட சேத்து."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவின் முகம் கறுத்தது.

"நம்பி என்கிட்ட குடுத்த சாவிடி அது!"

"தொறந்துவிடத்தானேப்பா குடுத்தாங்க? நிக்க வைக்கவா குடுத்தாங்க? உங்க மேஸ்திரிய மனுசனான்னு கேட்டீங்களே, உருண்டை உங்கள என்னன்னு கேப்பான்?"

அப்பா கையை ஓங்கினார். ஒன்பது வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. அந்த மௌனம் மிளகாய்க்கு அடியைவிட எரிச்சலாக இருந்தது.

அம்மாதான் நடுவில் வந்து நின்றாள். இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கைய இறக்குங்க. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அப்பா கையை இறக்கினார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கழிப்பறை வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். கடைசியாக வந்து சேர்ந்த அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மிளகாயும் அவரோடு இன்னும் பேசவில்லை. ஒவ்வொருவராகப் போய்வந்து, கடைசியில் உருண்டையும் அப்பாவும்தான் மிச்சம்.

உருண்டை வெளியே வந்தான். பூட்டைப் பூட்டினான். அப்பா கையை நீட்டினார்.

உருண்டை அந்தக் கையைப் பார்த்தான். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டான். அவரைச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனான். எட்டாத ஆணிக்கு எம்பி எம்பிக் குதித்து, நாலாவது குதியில் சாவியை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடினான்.