பரோலோவுக்கு வந்த பழி

"நான் தண்ணி கலக்கலைம்மா. பாட்டிலையும் மாத்தலை. அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடின்னுட்டாங்க," என்றாள் வந்தவள். உணவகமொன்றில் ஒயின் ஊற்றுவது அவள் வேலை. இன்று மாலைக்குள் உண்மை வெளிப்படாவிட்டால் அந்த வேலை போய்விடும். திருட்டுப் பட்டத்தோடு போகிறவளை வேறு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியான அண்ணி நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். வழக்கு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

நேற்று விருந்தில் பரோலோ என்ற உயர்ந்த இத்தாலியச் சிவப்பு ஒயின். காற்றுப் படவேண்டும் என்பதால் பின்னறையில் திறந்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி எடுத்துவந்தாள். அதுதான் முறை. ஒயினைப் பற்றி எழுதியே பேர் வாங்கிய நிபுணர் கோப்பையை வெளிச்சத்தில் சுழற்றினார், முகர்ந்தார், உதட்டுக்குக் கொண்டுபோனார். ருசி பார்ப்பவர்கள் ஒயினைத் துப்புவதற்கென்று வைக்கும் கிண்ணத்தின் மேல் குனிந்து, கோப்பையையும் அதில் கவிழ்த்துவிட்டு, "தண்ணி கலந்த மலிவுச் சரக்கு. நாக்குல நிக்கவே இல்லை," என்று தீர்ப்பளித்தார். அதுவரை 'ஆகா' போட்டுக் குடித்த கனவான்கள் அத்தனை பேரும் உடனே முகம் சுளித்தார்கள். சொந்த நாக்கை அடகு வைத்த கூட்டம்!

மூவரும் உணவகத்துக்குப் போனார்கள். சாட்சிக்கு வேண்டும் என்று முதலாளி மேசையை அப்படியே விட்டுவைத்திருந்தார். விருந்தினர் வாய் துடைத்த கைத்துணிகள் எல்லாவற்றிலும் சிவப்புக் கறை. நிபுணருடையது மட்டும் சலவை மடிப்பு கலையாமல் வெள்ளையாக இருந்தது. ஒயினிலேயே வேகவைத்த கொழுப்பு இறைச்சி அவர் தட்டில் வைத்தது வைத்தபடி கிடந்தது. பக்கத்தில் ரொட்டித் தூள்.

"சமையல்காரன்தான் அண்ணி! பின்னறைச் சாவி அவன்கிட்ட இருக்கு," என்றான் கொழுந்தன்.

"நீ முதல்ல இதைக் குடி," என்று ஜாடியின் அடியில் மிஞ்சியதை நீட்டினார் அண்ணி.

குடித்தவன் முகம் கோணியது. "பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி வாயெல்லாம் இழுக்குது!"

சமையலறையிலிருந்து சூடாக ஒரு துண்டு இறைச்சி வரவழைத்துக் கொடுத்தார். மென்று இன்னொரு மடக்கு குடித்தான். "அட, இப்ப துவர்ப்பு அடங்கிடுச்சு. நல்லா இருக்கே!"

"அதுக்குத்தான் ரெண்டையும் சேர்த்து வைக்கிறாங்க."

அண்ணி ஆளனுப்பி வரவழைத்த நிபுணர், கழுத்தில் பட்டுத்துணியும் முகத்தில் சலிப்புமாக வந்து சேர்ந்தார். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"இந்த ஒயின் பார்க்க வெளிறித்தான் இருக்கும். கண்ணுக்குத் தண்ணி கலந்த மாதிரிதான் தெரியும். வாயில வெச்சா நாக்கைப் பிடிச்சு இழுக்கும். வெச்சவங்க யாரும் 'நாக்குல நிக்கலை'ன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க வாயில வெக்கவே இல்லை."

"துப்புறதுதான் எங்க பழக்கம்!"

"துப்பினவரோட கைத்துணியில ஒரு பொட்டுக் கறை கூட இல்லையே? சரி, ஒயினை விடுங்க. ஒயின்ல வெந்த இறைச்சியைக் கூட ஒதுக்கிட்டு ரொட்டியைப் பிச்சுத் தின்னிருக்கீங்க. குடியை நிறுத்த மாத்திரை போடுறவங்க அப்படித்தான் பயப்படுவாங்க. அந்த மாத்திரைக்கு மேல ஒரு சொட்டு பட்டாலும் முகம் சிவந்து வாந்தி வரும். நான் நினைக்கிறது தப்புன்னா, இதோ, ஒரே ஒரு மடக்கு."

நிபுணர் கோப்பையைத் தொடவில்லை. "டாக்டர்... ஒரு வருஷமா..." என்று முனகினார். ஒரு வருஷமாகக் கண்ணால் குடித்தே கட்டுரை எழுதியிருக்கிறார் மனிதர்! கொழுந்தனுக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"குடியை விட்டது நல்ல காரியம்," என்றார் அண்ணி. "மட்டம்னு சொல்லிட்டா இன்னொரு மடக்கு குடிக்கச் சொல்ல மாட்டாங்கன்னு, வேஷம் கலையாம இருக்க இந்தப் பொண்ணு சோத்துல மண்ணைப் போட்டீங்களே, அதுதான் கேவலம்."

நிபுணர் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார்.

முதலாளி குழைந்தார். "அந்த ஆள் சொன்னதை நம்பிட்டேம்மா. நாளையிலிருந்து வழக்கம்போல வந்துடு."

"நேத்து நீங்களும் ரெண்டு கோப்பை குடிச்சீங்களே சார். உங்க நாக்கு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.



அவள் நிபுணரின் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "விருந்துக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் நீங்களே போன் போட்டு, நான் திருடி இல்லைன்னு சொல்லுங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் அவள்.