பதினைந்தாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது முடிச்சு

1998 ஐப்பசியில், மழை பெய்த ஒரு மத்தியானம், வில்லாபுரம் வீட்டில் இருந்தவர்கள் துளசிராம், அவர் மனைவி கனகலட்சுமி, மூத்த மகன் பாலமுரளி, மருமகள் ராதாமணி, இளைய மகன் கார்த்திகேஷ், கல்யாணப் பெண் காவ்யஸ்ரீ. ஆறு பேர். வேறு யாரும் இல்லை.

மணப்பெண்ணின் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கும் முன், வீட்டார் அத்தனை பேரும் சமமாக முடிச்சுப் போட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வெளியார் கை படக் கூடாது. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த துளசிராம், ஆளுக்கு 2,540 என்று பிரித்துக் கொடுத்திருந்தார். மொத்தம் 15,240. நாலு மணிக்குச் சம்பந்தி வீட்டார் சேலை பார்க்க வருகிறார்கள். மூன்று வருடம் முன்பு ஓடிப்போன மூத்த மகள் ஹம்சவேணியின் நிழல்கூட இனி இந்த வீட்டில் படாது என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் இந்தச் சம்பந்தமே கூடியது.

எண்ணினார். 15,239.

கரண்ட் இல்லை. அதே வருடம் பழைய நெசவுத் தறிக்குழியை மூடிப் பூசிய சிமெண்டுத் தரைமேல் உட்கார்ந்து, ஓட்டில் மழை இரையும் சத்தத்துக்கு நடுவே, கூழாங்கல் குவியல்போல் சுருண்டு கிடந்த வெள்ளைத் துணியை விரலால் தடவித் தடவி அவர் மறுபடி எண்ணும்போது, துணியின் கஞ்சி வாடைக்கு அடியில் கரிசலாங்கண்ணித் தைலத்தின் வாடை மெல்ல எழுந்தது. ஹம்சவேணிக்குப் பிறகு அந்தத் தைலத்தை அந்த வீட்டில் யாரும் தேய்ப்பதில்லை.

"எம்புட்டு நேரமா அதையே தடவிக்கிட்டு இருக்கீக? அவுக வந்துருவாக" என்றாள் கனகலட்சுமி.

"ஒண்ணு குறையுது."

"இம்புட்டுல ஒண்ணுதானப்பா? நான் போட்டுட்டுப் போறேன்" என்று சிரித்தான் கார்த்திகேஷ். "பள்ளிக்கூடத்துல அரை மார்க்குக்குப் பிள்ளைகள அழ வச்சது பத்தலையாக்கும்."

"யார் கை குறைஞ்சதுன்னு தெரியாம ஒருத்தரும் தொடக்கூடாது."

மூன்றாம் தடவையும் அதே எண். வாத்தியார் பழக்கம், மனம் அதை உடைத்துப் பார்த்தது. இரண்டிரண்டாக எடுத்தால் கடைசி ஜோடிக்கு ஒன்று இல்லை. மும்மூன்றாக எடுத்தாலும் ஒன்று இல்லை. நான்கு. ஐந்து. ஆறு. எத்தனை பேருக்குப் பங்கு வைத்தாலும் கடைசி ஆளுக்கு ஒன்று குறைந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். மனம் நிற்கவில்லை.

ஏழு.

ஆளுக்கு 2,177. மீதி இல்லை.

விரல்கள் துணியில் அப்படியே நின்றன. பல முடிச்சுகள் நூலின் சொரசொரப்பு இல்லாமல், வழுவழுவென்று ஈரமாக இருந்தன. முதலிலேயே உணர்ந்திருந்தார். மழை ஈரம் என்று விட்டிருந்தார். இப்போது அவற்றை மட்டும் எண்ணினார். நெடுநேரம் ஆனது.

2,177.

கரண்ட் வந்தது. ட்யூப்லைட் இரண்டு தரம் துடித்து எரிந்தது.

அந்த முடிச்சுகளில் இருந்தது நூல் இல்லை. கறுத்த கூந்தல் இழைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை வேர்.

"கனகு..."

யாருடைய கூந்தல் என்று அவள் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவர் குனிந்தார். சிமெண்டில் ஒரு விரிசல். காலையில் இல்லாதது. அதிலிருந்து ஓர் இழை. மேலே வந்தது. அவர் சுண்டுவிரல் நுனியைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு.

இறுகியது.

15,240.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தங்கை கல்யாணத்தைக் கெடுக்க, ஓடிப்போன மூத்தவள் அன்று திரும்பி வந்தாள் என்று வில்லாபுரத்தில் இன்றும் பேசுகிறார்கள். அது தவறு. அவள் திரும்பி வரவில்லை. அவள் அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை.