ஐந்தாவது மாத்தே

குடுவை சில்லென்று திரும்பி வந்தது. சுடச்சுட வெந்நீர் ஊற்றிக் கொடுத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் சுலேமாவின் உள்ளங்கையில் அது ராத்திரியெல்லாம் உறைபனியில் கிடந்த கல்லைப் போல இருந்தது. உறிஞ்சுகுழலும் அப்படித்தான். தேநீர்போல் குடிக்கும் மாத்தேயின் இலைத்தூள் மட்டும் அடியில் ஒட்டிக் கிடக்க, உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை.

அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒரே குடுவைதான் எல்லாருக்கும் சுற்றி வரும். ஊற்றுகிறவள்தான் முதலில் குடிக்க வேண்டும், குடித்தாயிற்று. அடுத்து, இலையுதிர்கால மலையைப் பார்க்கத் தலைநகரத்திலிருந்து வந்திருந்த ஒராசியோ, அவன் மனைவி நோயெமி, அப்புறம் சுலேமாவின் தம்பி ஆபெல். மலையில் இருப்பதே நாலு பேர். ஐந்தாவது யாருக்கு? இடப்பக்கம் ஒரு கை நீண்டது, கொடுத்தாள். மேகம் முகட்டைத் தாண்டி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் முகத்தைக் கவனிக்கவில்லை. வழிகாட்டியாக இருபது வருடம் ஊற்றிப் பழகிய கை, நீட்டியவருக்குக் கொடுத்துவிடும். இடப்பக்கம் பாசி படர்ந்த மரம் ஒன்று விழுந்து கிடந்தது, அவ்வளவுதான்.

"ஆபெல், நீ ரெண்டு தடவ வாங்கினியா?"

"ஒண்ணுதான்க்கா. அதுவே உன் பழைய புருஷன் மாதிரி சப்புன்னு இருந்துச்சு. இலைய மாத்தித் தொலை."

நோயெமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த சுற்றில் அவள் "நன்றி" என்று சொல்லி ஒதுங்கினாள், ஒராசியோவும் சொன்னான், ஆபெலும் சொன்னான். மாத்தே வட்டத்தில் நன்றி என்றால் எனக்கு இனி வேண்டாம் என்று பொருள். சொல்லாதவரை ஒருவர் வட்டத்தில்தான் இருக்கிறார், அவர் முறை வந்துகொண்டே இருக்கும். சுலேமா ஃபிளாஸ்க்கை மூடிப் பையில் வைக்கும்போது அந்த நினைப்பு வந்தது. ஒருவர் சொல்லவில்லை.

கீழே இறங்கத் தொடங்கினார்கள். அந்தத் தென்கோடி நாட்டில் இலையுதிர்காலமான ஏப்ரலின் வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. லெங்கா மர இலைகளின் சிவப்பெல்லாம் கறுத்துக்கொண்டு வர, நனைந்த இலைகள் மக்கும் இனிப்பு வாடை முட்டளவுக்குத் தேங்கி நின்றது. முன்னால் சுலேமா, நடுவில் தம்பதி, கடைசியில் ஆபெல். ஒவ்வொரு வளைவிலும் கடைசி ஆள் குரல் கொடுக்க வேண்டும், எனக்குப் பின்னால் எவரும் விடுபடவில்லை என்று அதற்கு அர்த்தம். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்த ஆபெலை, போதும் வா என்று இழுத்து வந்தவள் அவள்தான். அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன். அவனது நொண்டல் நடை காதில் விழும்வரை அவளுக்குப் பயமில்லை. ஒரு கால் ஊன்றும், மறுகால் இலையைத் தேய்த்துக்கொண்டு வரும்.

"கடைசி," என்றான் ஆபெல், முதல் வளைவில்.

இரண்டாவது வளைவிலும் அப்படியே.

மூன்றாவதில் அவன் குரல் கொடுத்து ஓய்ந்தபின் வெகு மேலேயிருந்து இன்னொன்று வந்தது. "கடைசி." அதே குரல்.

"எதிரொலி பிரமாதம்," என்றான் ஒராசியோ.

சுலேமா நின்று மேலே பார்த்தாள். இந்தச் சரிவில் பாறையே கிடையாது. மெத்தை மெத்தையாக இலைதான். இங்கே கத்தினால் சத்தம் அமுங்கிப் போகும், திரும்பி வராது.

நான்காவது வளைவில் அந்த இரண்டாவது குரல் கிட்டே வந்திருந்தது.

"அக்கா," என்று ஆபெல் மேலேயிருந்து கூப்பிட்டான். அவன் குரலில் கேலி போயிருந்தது. "எனக்குப் பின்னாடி யாரோ இலைய மிதிச்சுக்கிட்டு வர்றாங்க. நான் நின்னா நிக்குது."

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன். இலை விழுந்துக்கிட்டே இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"நீ எங்கூட முன்னாடி வந்துரு."

"அப்புறம் கடைசில யாரு வர்றது? இவங்கள்ல ஒருத்தரயா விட முடியும்? நீ போட்ட சட்டம்தானே."

காசு கொடுத்து வந்தவர்களை வாலில் நிறுத்த முடியாது. வழி தெரிந்தவள் முன்னால் நடக்கத்தான் வேண்டும். சரி என்று நடந்தாள். அதை நினைத்து இனி எத்தனை நாள் குமுறப் போகிறாளோ.

ஐந்தாவது வளைவு. "கடைசி." "கடைசி." ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலித்தன.

நோயெமி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இலை. மூச்சு. இலை.

ஆறாவது வளைவில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. சுலேமாவுக்கு உயிர் வந்தது. சுற்றிச் சுற்றி வந்தது எதுவானாலும் தொலைந்தது என்று நினைத்தாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

கீழே வேன் நின்றது. அவள் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். தம்பதி ஏறி நடு இருக்கையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஆபெல் வந்தான். நேராக நடந்து வந்தான். இரண்டு கால்களும் ஒரே சீராக விழுந்தன. பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான், கதவு திறந்தே கிடந்தது.

முட்டி வலிக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து மிச்ச வெந்நீரைக் குடுவையில் ஊற்றினாள். இந்த முறை முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள். தம்பியின் முகம். தம்பியின் தாடி. ஒரே மூச்சில் உறிஞ்சினான், குடுவையை நீட்டினான்.

சில்லென்று இருந்தது.

அவன் நன்றி சொல்லவில்லை.

அப்போது மேலே, இருட்டிவிட்ட மரங்களுக்குள்ளிருந்து, இலையைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நொண்டல் நடை இறங்கி வரும் சத்தம். நின்றது. மறுபடி தேய்த்தது.

"அக்கா... கிளம்பிராத. நான் இன்னும் வந்து சேரலக்கா."

நோயெமி மெல்லத் தலையைத் திருப்பிப் பின் இருக்கையைப் பார்த்தாள். அங்கே இருந்தவன் கை நீட்டி வேன் கதவை இழுத்துச் சாத்தினான்.

"கடைசி," என்றான். பிறகு அதே கையை, அடுத்த மாத்தேக்காக, சுலேமாவிடம் நீட்டினான்.