நுன்சியாவின் பகல் தூக்கம்

மூன்று நாளாகப் புருஷன் கத்தெல்லோ அவளிடம் கனவைக் கேட்கவில்லை. அதுதான் நுன்சியாவை உறுத்தியது. இரவெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கறைபிடித்த விரிப்புகளை அலசிவிட்டு வந்து, மதியம் படுத்து எழுந்தால் அதுவரை தினமும் வாசலிலேயே நிற்பான். "என்னடி கண்ட? நாயா, கடலா, செத்தவங்களா?" அந்த ஊரில் ஒவ்வொரு கனவுக்கும் லாட்டரியில் கட்ட ஓர் எண் உண்டு. லாட்டரிக் கடை நாலு மணிக்குத் திறக்கும்.

தொடங்கி வைத்தது அவள்தான். கப்பல் பட்டறையில் வேலைக்குப் போன இடத்தில் மூழ்கிச் செத்த தம்பி அனியெல்லோ, ஈரச் சட்டையோடு கனவில் வந்ததை ஒருநாள் காபி குடித்தபடி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த எண்ணில் கத்தெல்லோ பணம் கட்ட, பரிசு விழுந்தது. தம்பியை விற்றுப் புது அடுப்பு வாங்கியாயிற்று. பிறகு அடுப்பும் போயிற்று, அவள் தோடும் போயிற்று.

சூதாடிகளின் மனைவிமார் கூடும் கோயில் அறையில் ஒலிம்பியா அக்கா சொல்லியிருந்தாள்: "சோறு போடு, கையப் புடிச்சு இங்க கூட்டிட்டு வா. சம்பள கார்டையும் கனவையும் மட்டும் குடுக்காத."

அதனால் அறையை உள்ளே பூட்டிக்கொண்டாள்.

"நான் என்ன திருடனாடி?" வெளியிலிருந்து கேட்டான்.

"என் தோட்டைக் கேளுய்யா, சொல்லும்."

சிரித்தான். "தூங்கு தாயி. நான் ஒண்ணும் கேட்கல."

நோயாளியை வெளியே போட்டுப் பூட்டியவள் போல நெஞ்சு குறுகுறுத்தது. பலகைச் சன்னலின் இடுக்கில் வெயில் கோடு கோடாக விழ, கீழ்வீட்டில் வதக்கிய மிளகாயின் வாடை மெல்ல அடங்க, தெருவே மூச்சடக்கிக் கிடந்த அந்த உச்சிவேளையில் கண் அசந்தாள்.

சாவித் துவாரத்தில் கத்தெல்லோவின் முணுமுணுப்பு.

"மச்சான்... வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

ஆண் குரல். அறைக்குள்ளிருந்து. கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. கப்பல் எண்ணெய் நாற்றம்.

"மூணு நாளா வர்றே, ரெண்டு ரெண்டு எண்ணாவே சொல்றியே மச்சான். இன்னிக்கு முழுசாச் சொல்லு."

"பதிலுக்கு என்ன குடுப்ப?"

அப்போதுதான் தெரிந்தது, அசைவது தன் நாக்கு.

வெளியே தாளில் கீறிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. மாட்டேன் என்பான். பதினெட்டு வருஷம் ஒரே தட்டில் தின்றவன். மாட்டேன் என்றுதான் சொல்வான். காத்திருந்தாள்.

"அவளையே வச்சுக்க மச்சான். நம்பரைச் சொல்லு."

தம்பி, என்னை மன்னிச்சிருடா என்று கத்தப் பார்த்தாள். நாக்கு அவள் சொல் கேட்கவில்லை. வாய் எண்களைச் சொல்லிக்கொண்டே போனது. பென்சில் கீறியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பல்லைக் கடித்தாள். இறுக்கினாள்.

வாய்க்குள்ளிருந்து, குளிர்ந்த ஈர விரல்கள் அவள் உதட்டை மெல்ல விலக்கின.