தகுதிமானியும் உப்பு மூட்டையும்

நகரத்துக்குச் சூசையம்மாள் தர வேண்டிய கடன் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று ரூபாய். காய்ச்சலில் கிடந்தபோது குடித்த தண்ணீருக்கும் விழுங்கிய மாத்திரைக்கும் தகுதிமானி போட்ட கணக்கு. இன்று சோதனையில் தேறினால் கடன் ரத்து. தவறினால், கடன் தீரும்வரை வீட்டுக் குழாய்க்குப் பூட்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு தத்துவவாதி இருந்தார். பரிணாமத்தை எடுத்து மனிதக் கூட்டத்தின்மேல் போர்த்தியவர். தகுதியுள்ளது தங்கும், தங்காததற்கு அரசாங்கம் சோறு போட்டால் இனம் கெடும் என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். அந்த நாற்காலியை யார் சுமந்து வந்து போட்டார்கள் என்று எழுதவில்லை. அவர் புத்தகத்தைத் தூசி தட்டித் தகுதிமானி என்ற இயந்திரமாக்கியவர் நகர நிர்வாகி ஆராவமுதன்.

சூசையம்மாள் சுமை தூக்குவது தூத்துக்குடியில், நகரத்துக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். ஒதுங்கும் உப்பை முன்பு எந்திரக் கைகள் அள்ளின. துருப்பிடித்து விழுந்தன. மனிதக் கழுத்து துருப்பிடிக்காது, மலிவும்கூட.

யார் உதவியும் இல்லாமல் உப்பு மூட்டையைத் தலையில் ஏற்ற வேண்டும், அதுதான் சோதனை. கண்ணாடி அறைக்குள் சூசையம்மாள் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். மூட்டையை இடுப்புவரை தூக்கினாள். அதற்குமேல் எந்தச் சுமையாளும் தனியாக ஏற்றுவதில்லை. எதிரே ஒருவர் பிடித்துத் தலையில் ஏற்றிவிட வேண்டும். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

“ஏ பெலவேந்திரா, ஒரு கை பிடி!”

“உதவி கேட்டார். தகுதி பூஜ்யம்,” என்றது தகுதிமானி.

வெளியே தன் முறைக்காக நின்ற சுமையாள் பெலவேந்திரன் சிரித்தான். “யக்கா, வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?”

அடுத்து உள்ளே போன அவனும் ‘ஒரு கை பிடி’ என்றுதான் கேட்டான். சுமையாட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தனை குழாய்க்கும் பூட்டு. தகுதியில்லாதவர்க்கு வேலையும் கிடையாது.

“இயற்கை எப்படி வடிகட்டுது பாத்தீங்களா?” என்று அதிகாரிகள் குடியிருக்கும் கோபுரத்து மாடியில் ஆராவமுதன் காப்பியை உறிஞ்சினார்.

மறுநாள் காப்பிக்குத் தண்ணீர் இல்லை. அள்ள ஆளில்லாத உப்பு ஆலையின் வாயை அடைத்துவிட்டது. கோபுரத்துக்காரர்கள் எல்லாரும் தாங்களே உப்பை அள்ள ஆலை முற்றத்துக்கு இறங்கி வந்தார்கள். எங்கே, யார் மூட்டையைத் தொட்டாலும் தகுதிமானி சோதிக்கும். அதிகாரி என்று ஆள் பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொருவராகப் பூஜ்யம். கடைசியாக ஆராவமுதன். அவர் மூட்டை முழங்காலைத் தாண்டவில்லை. முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த சூசையம்மாளைப் பார்த்தார்.

“யம்மா... கொஞ்சம் ஒரு கை பிடிங்களேன்!”

“உதவி கேட்டார். தகுதி பூஜ்யம்.” தகுதிமானி மொத்தக் கணக்கையும் கூட்டிப் பார்த்தது. “கடன் வசூலிக்கும் உரிமை தகுதியுள்ளவர்க்கே. நகரத்தில் அப்படி எவரும் இல்லை. எல்லாக் கடனும் தள்ளுபடி.”

பூட்டுகள் திறந்தன. குழாய்களில் காற்றுதான் வந்தது.

வறண்ட நாக்கோடு சூசையம்மாள் எழுந்து தலையில் சும்மாட்டை வைத்தாள்.

“என்ன சார் பாத்துக்கிட்டு நிக்கிய? அந்தப் பக்கம் பிடிங்க.”